மலையைத் தொலைத்த பைலட்

விமானம் ஓட்டுகிறவர்களுக்கு வழி தவறவே தவறாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வழி தவறாமல் பார்த்துக்கொள்பவை விமானத்தில் இருக்கும் கருவிகள். நாங்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். கருவி இல்லாமல் தரையில் இறக்கிவிட்டால் நாங்களும் பஸ் ஸ்டாண்டில் நின்று, "அண்ணே, வேலூர் பஸ் எங்க நிக்கும்?" என்று கேட்கிற ரகம்தான்.

இதை நான் சொந்த ஊரிலேயே நிரூபித்தேன். திருவண்ணாமலையில், கிரிவலப் பாதையில், என் பதவி உயர்வைக் கையில் வைத்திருந்த மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. மலையை வலப்பக்கம் விட்டு நடந்தால் போதும், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம் என்கிற பாதை அது. அதில் வழி தவறுவதற்குத் தனித் திறமை வேண்டும்.

நான் சரக்கு விமானத்தில் பைலட். கல்யாண வீடுகளில் இதை விளக்குவது கஷ்டம்.

"ஏர் ஹோஸ்டஸாமே?"

"இல்ல அத்தை, பைலட்."

"அப்டியா! எத்தினி பேரு ஏறுவாங்க?"

"ஆளுங்க ஏற மாட்டாங்க அத்தை. பார்சல்தான் ஏறும்."

அத்தையின் முகம் கொஞ்சம் இறங்கும். "ஓ, லாரியா?" என்பார்.

(லாரிதான். இறக்கை வைத்த லாரி. செல்போன், மருந்து, பூ, இறால், ஒருமுறை பெட்டி பெட்டியாகக் கோழிக்குஞ்சு. டெல்லி வரைக்கும் பின்னால் இருந்து கீச் கீச் என்று சத்தம்.)

எங்கள் குடும்பத்தில் இந்த லாரியை ஓட்டுபவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று பெரியப்பா மகன் இளங்கோ. என்னைவிடச் சில மாதங்கள் மூத்தவன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் கீழ்பென்னாத்தூரில் பக்கத்துப் பக்கத்தில் நிலம், மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் நெல்லும். அவன் நடந்த நாளிலிருந்து நான் ஏன் இன்னும் நடக்கவில்லை என்று என் வீட்டில் கவலைப்பட்டார்கள். நான் பேசிய நாளிலிருந்து அவன் ஏன் இன்னும் பேசவில்லை என்று அவன் வீட்டில் கவலைப்பட்டார்கள். பிளஸ் டூ முடித்து அவன் பைலட் படிப்பில் சேர்ந்தான். நான் கணக்கு படிக்கலாம் என்று இருந்தேன். "அவன் சேந்துட்டான்" என்று அம்மா ஒரே ஒரு முறைதான் சொன்னார். நானும் சேர்ந்துவிட்டேன். அதே படிப்பு, பிறகு அதே சரக்கு விமானக் கம்பெனி, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம்.

விமானத்தில் முன்னால் இரண்டு சீட். இடது சீட்டில் கேப்டன், வலது சீட்டில் துணை விமானி. வலது சீட்டில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் வாழ்க்கையின் லட்சியம், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அந்த இடது சீட்தான். பயணிகள் விமானக் கம்பெனிகளில் புதிது புதிதாக விமானம் வரும், சீக்கிரம் கேப்டன் ஆகிவிடலாம். எங்கள் கம்பெனி ஒரு விமானம் வாங்குவதற்குள் எங்களுக்கு நரை வந்துவிடும். அதனால் ஒரு பழைய பயணிகள் விமானத்தின் சீட்டுகளையெல்லாம் பிடுங்கிவிட்டுச் சரக்கு ஏற்ற எடுத்து வரப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, சென்னையில் இருந்த துணை விமானிகளுக்குத் தூக்கம் போனது. ஒரு விமானம் வந்தால் ஒரு கேப்டன் சீட்டாவது சென்னைக்கு வரும். எங்கள் கணக்குப்படி அதற்குத் தகுதியானவர்கள் இரண்டே பேர். அவனும் நானும்.

முடிவெடுப்பதில் கேப்டன் ராவின் வார்த்தைக்கு மதிப்பு அதிகம். அவர்தான் எங்களுக்குப் பயிற்சி கொடுப்பவர், பரீட்சை வைப்பவர். ஹைதராபாத்காரர். கொஞ்சம் பருத்த உடம்பு, குறைந்த பேச்சு. நாம் தப்பு செய்தால் உடனே சொல்லமாட்டார். காத்திருப்பார். தப்பு பெரிதாகி நமக்கே தெரியும்வரை பொறுமையாக ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருக்கு ஃபில்டர் காபி பிடிக்கும் என்று தெரிந்ததும் இளங்கோ ஃபிளாஸ்க் தூக்க ஆரம்பித்தான். நான் தெலுங்கு கற்க ஆரம்பித்தேன். அவன் அவரிடம், "கயல் நல்லா ஓட்டுவா சார். இறக்கும்போது மட்டும் கொஞ்சம் சத்தம் கேக்கும்" என்று சொன்னதாக என் காதுக்கு வந்தது. மறுவாரம் நான் அவரிடம், "இளங்கோ பூ மாதிரி இறக்குவான் சார். என்ன, ரன்வே முடியிற வரைக்கும் இறக்கிக்கிட்டே இருப்பான்" என்றேன்.

இந்த நிலையில்தான் கேப்டன் ராவ் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்: திருவண்ணாமலையில் கிரிவலம் போக ஆசை, ஊர்க்காரர்கள் யாராவது உண்டா?

இளங்கோ அப்போது கொல்கத்தாவுக்குப் பறந்துகொண்டிருந்தான். நான் லீவில் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணீரோடு பதில் அனுப்பினேன்: "சார், எங்க வீட்லயே தங்குங்க. நானே கூட்டிட்டுப் போறேன்."

இளங்கோ தரையிறங்கி போனைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எனக்கு ஒரே ஒரு வரி வந்தது: "நீயெல்லாம் நல்லா இருப்பியா?"

தை மாதம். கேப்டன் முந்தைய நாள் சாயங்காலம் வந்து சேர்ந்தார். பௌர்ணமி கூட்டம் வேண்டாம், விடிகாலையில் அமைதியாக நடக்கலாம் என்று சொல்லியிருந்தார். இன்னொன்றும் சொன்னார்: "போன் ஒத்தும்மா, வேண்டாம். சாமி தரிசனத்துல போன் எதுக்கு?" போன்களை வீட்டிலேயே வைத்துவிட்டோம்.

வாசலில் அப்பா வானத்தைப் பார்த்தார். "பனி ஜாஸ்தியா கீதே கயலு. மலையே தெரியல. கொஞ்சம் வெயில் வந்தப்பறம் போங்களேன்."

"நாங்க பைலட்டுப்பா" என்றேன். "இதவிடப் பனியில டெல்லில இறங்கியிருக்கோம்."

கேப்டன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

பெரிய கோபுரத்தில் தொடங்கினோம். கோபுரத்தின் பாதிக்கு மேல் பனிக்குள் போயிருந்தது. மலை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்றுமில்லை. கேப்டன் கை கூப்பியபடி மெதுவாக நடந்தார். நான் பேசியபடி நடந்தேன். மலையைச் சுற்றி இருக்கும் அஷ்ட லிங்கங்கள், தீபம், குகைகள் என்று தெரிந்ததெல்லாம் சொன்னேன். தெரியாததையும் சொன்னேன். நடுநடுவே நெருக்கடியில் நான் எவ்வளவு நிதானமாக இருப்பேன் என்பதற்கான உதாரணங்களையும் சேர்த்துக்கொண்டேன். அவர் "ஊம்" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

வருண லிங்கம் தாண்டி அடி அண்ணாமலை வந்தபோது கேப்டன் சங்கடத்தோடு நின்றார். பனியும் காலைக் காபியும் சேர்ந்து வேலையைக் காட்டியிருந்தன. "இங்க எங்கயாவது பாத்ரூம்…"

"நம்ம வீடே இருக்கு சார்" என்று ஒரு சந்துக்குள் அழைத்துப் போனேன். எனக்கு அத்தை முறையாகும் சரோஜா அத்தை அங்கே பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் வீடு. கேப்டன் உள்ளே போயிருந்தபோது அத்தை என்னிடம், "இவுருதான் உங்க மொதலாளியா? இவுரும் பார்சல்தானா?" என்று கேட்டார். இருவருக்கும் டீ கொடுத்தார். கிளம்பும்போது, "வந்த வழியே போவாதீங்க, சுத்து. கொல்லப்பக்கமா போனா ரோடு கிட்ட" என்றார்.

கொல்லைப்பக்கம் வழியாக இரண்டு சந்து திரும்பினோம். ரோடு வந்தது. இரண்டு பக்கமும் ஒரே வெள்ளை. கேப்டன் கேட்டார்: "எந்தப் பக்கம்?"

எனக்குத் தெரியவில்லை. ஒரு நொடி நின்று யாரையாவது கேட்டிருக்கலாம். எதிர்த்தாற்போல் ஒருவர் கடை திறந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் இடது சீட்டுக்கு ஆசைப்படுகிறவள், பிறந்த ஊரில், அதுவும் கிரிவலப் பாதையில், பெட்டிக்கடையில் வழி கேட்பதா?

"இப்டி சார்" என்று கையை நீட்டினேன்.

அந்தக் கையை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். துளி நடுக்கம் இல்லை.

கொஞ்ச தூரத்தில் ஒரு கோயில் வந்தது. கேப்டன் நின்றார். "இது பார்த்தோம் கதா, இல்லையா?"

"இல்ல சார், அது வருண லிங்கம். இது வாயு லிங்கம். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்." அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். கோயில் முகப்பில் பெரிய எழுத்தில் எழுதியிருந்ததை நான் பார்க்கவில்லை. பேசிக்கொண்டிருந்தேன்.

எதிரே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் ஒருவர், அப்புறம் இருவர். நான் தலையை ஆட்டிக்கொண்டேன். "பாத்தீங்களா சார்? இப்பல்லாம் முறை தெரியாமலே வர்றாங்க. அப்பிரதட்சணமா சுத்தறாங்க."

அடுத்து ஒரு குடும்பமே வந்தது. சால்வை போர்த்திய ஒரு பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகள், மருமகளின் அம்மா. தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து வந்து, தப்பான பக்கம் சுற்றி, புண்ணியம் இல்லாமல் திரும்பிப் போவதா? கற்ற தெலுங்கை வைத்து அவர்களை நிறுத்தினேன். அது போதாததால் கேப்டன் மொழிபெயர்த்தார்.

பெரியவர் சந்தேகத்தோடு ஏதோ கேட்டார்.

"கொண்ட வலது பக்கம்தானே இருக்கணும்னு கேட்கிறார்" என்றார் கேப்டன். (தெலுங்கில் கொண்ட என்றால் மலை.)

"ஆமான்னு சொல்லுங்க சார். வலது பக்கம்தான் இருக்கு. பனியில தெரியல, அவ்ளோதான்."

என் டி-ஷர்ட்டில் சின்னதாக ஒரு விமானம் போட்டிருந்தது. நான் யார் என்பதைக் கேப்டன் சொல்லியிருப்பார் போல. பெரியவர் என்னைக் கும்பிட்டார். குடும்பம் திரும்பியது. இப்போது நான் முன்னே, கேப்டன் நடுவே, ஆந்திராக் குடும்பம் பின்னே. என் வாழ்க்கையில் முதன்முறையாகப் பயணிகளைச் சுமந்து சென்றேன்.

இப்படி எவ்வளவு நேரம் நடந்திருப்போமோ. பனிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "ஏண்டா, கால் கல்லுல குத்துதுடா. ஓரமா வாயேன்."

எனக்குத் தெரிந்த குரல். பெரியம்மா. அவருக்குப் பக்கத்தில் வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு இளங்கோ. அம்மாவின் வேண்டுதல் என்று லீவு போட்டு வந்திருக்கிறான். (பெரியம்மாவுக்கு வேண்டுதல் எதுவும் இல்லை என்று பிறகு அவரே சொன்னார்.) எங்களை வழியில் தற்செயலாகச் சந்திப்பதுதான் அவன் திட்டம். பின்னாலிருந்து வந்து பிடிப்பதாக நினைத்திருந்தான். நேரெதிரே வருவேன் என்று எதிர்பார்க்கவில்லை.

"குட் மார்னிங் சார்" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தான். "கயலு, கிரிவலம் முடிச்சிட்டுத் திரும்பி வர்றீங்களா?"

"போய்க்கிட்டு இருக்கோம்" என்றேன்.

"எங்க?"

பெரியம்மாதான் முடித்துவைத்தார். "ஏண்டி, பைலட்டு வேலைக்குப் போயிட்டா மலை பக்கம் மாறிடுமா? எதிர்ப்பக்கமா வர்றியேடி! யாருடி இவங்கல்லாம்? இவங்களையும் இஸ்துகினு வந்துட்டியா?"

சாமி சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. பனி விலகியது. மலை மொத்தமாக, பாறை பாறையாக, வெயிலில் நனைந்து நின்றது. எங்களுக்கு இடதுபக்கம்.

பெரியவர் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் டி-ஷர்ட்டில் இருந்த விமானத்தைப் பார்த்தார்.

விமானத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுகிறவரால் இனி முடியாது என்று தோன்றினால், பக்கத்தில் இருக்கும் கேப்டன் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் கைப்பிடியை வாங்கிக்கொள்வார். அதற்குப் பிறகு நாம் எதையும் தொடக்கூடாது. கேப்டன் ராவ் தொண்டையைக் கனைத்தார்.

"ஐ ஹாவ் கண்ட்ரோல்" என்றார்.

திரும்பினோம். கேப்டன் முன்னே, அவர் பக்கத்தில் இளங்கோ. நான் கடைசியில், பெரியம்மாவின் பூஜைக் கூடையைத் தூக்கிக்கொண்டு. முன்னாலிருந்து இளங்கோவின் சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அவன் முதுகைப் பார்த்தபடி, வேறு வேலை என்ன தேடலாம் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். கணக்குப் பாடம் அவ்வளவாக மறந்திருக்காது.

அவன் அத்தோடு நிறுத்தியிருந்தால் ஜெயித்திருப்பான். குபேர லிங்கம் தாண்டி இடுக்குப் பிள்ளையார் கோயில் வந்தது. சின்னஞ்சிறு கட்டடம். பின்பக்கமாகத் தவழ்ந்து நுழைந்து, உடம்பை ஒருக்களித்து நெளிந்து முன்பக்கமாக வரவேண்டும். வந்தால் உடம்பு வலியெல்லாம் போகும் என்பார்கள்.

கேப்டன் அந்த இடுக்கைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார். "ஒத்து, ஒத்து" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஒண்ணுமில்ல சார், டெக்னிக்தான்" என்றான் இளங்கோ. "சின்ன வயசுலேர்ந்து போறேன். பாத்துக்கிட்டே இருங்க."

சின்ன வயதில் போனது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு அவன் பல ஊர்களின் ஹோட்டல் சாப்பாட்டில் காலம் தள்ளியிருந்தான். பின்பக்கம் தலையை நுழைத்தான். முன்பக்கம் தலையும் தோளும் ஒரு கையும் வெளியே வந்தன. வெற்றிப் புன்னகை வந்தது. அதற்குமேல் எதுவும் வரவில்லை.

"வாடா" என்றார் பெரியம்மா.

"வர்றேம்மா."

வரவில்லை. புன்னகை மெல்ல மெல்லப் போனது. கேப்டன் முன்பக்கம் போய் அவன் கையைப் பிடித்து இழுத்தார். உதவி செய்யலாமே என்று நான் பின்பக்கம் போய் அவன் கால்களைப் பிடித்து இழுத்தேன். உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்தது.

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இஸ்தா எம்புள்ள அந்துட மாட்டானா?" என்று பெரியம்மா கத்தினார். "யாராவது ஒருத்தர் சொல்றத கேளுங்க!"

(போட்டியில் காலை வாருவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதை நான் நிஜமாகவே செய்தது அந்த ஒரு தடவைதான். சத்தியமாக அவனைக் காப்பாற்றத்தான்.)

ஆந்திராக் குடும்பமும் சேர்ந்துகொண்டது. பெரியவர் மந்திரம் சொன்னார். மருமகளின் அம்மா தேங்காய் எண்ணெய் கிடைக்குமா என்று விசாரித்தார். நான் இழுப்பதை விட்டுவிட்டேன். என் கண்ணெதிரே இளங்கோவின் இரண்டு பாதங்கள், கல்லில் நடந்து சிவந்துபோய், பரிதாபமாக ஆடிக்கொண்டிருந்தன. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு உள்ளங்காலில் கூச்சம் தாங்காது. இது அவன் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

விரலை வைத்து ஒரு கோடு இழுத்தேன்.

உள்ளே ஒரு அலறல். உடம்பு முழுக்கத் துள்ளியது. மறுநொடி பாதங்களைக் காணோம். ஓடிப்போய்ப் பார்த்தபோது இளங்கோ முன்பக்கம் கேப்டன் ராவின் மேல் கிடந்தான். இருவரும் தரையில். அவன் நெற்றி விபூதி முழுவதும் கேப்டனின் சட்டையில்.

வேங்கிக்கால் வீட்டில் அம்மா பொங்கலும் வடையும் வைத்தார். கேப்டன் அமைதியாகச் சாப்பிட்டார். எதிரே நானும் இளங்கோவும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தோம். அம்மாவுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்டேவிட்டார்: "ஏன் சார், இவங்க ரெண்டு பேர்ல யாருக்கு சார் அந்த சீட்டு?"

நான் தட்டைப் பார்த்தேன். இளங்கோ கூரையைப் பார்த்தான்.

"ரெண்டு பேரும் நல்ல பிள்ளைங்கம்மா" என்றார் கேப்டன். "என்ன, இவளை வழி கேட்கக்கூடாது. இவனைக் குறுக்கு வழி கேட்கக்கூடாது." இன்னொரு வடை எடுத்துக்கொண்டார். பிறகு, கேட்டதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதுபோல், "அந்த சீட் போன வாரமே கொடுத்தாச்சும்மா. டெல்லியில நந்தினின்னு ஒரு பொண்ணு. இவங்க ரெண்டு பேருக்கும் சீனியர். சென்னைக்கு மாத்திக் கேட்டிருந்தா" என்றார்.

நந்தினி. எங்கள் கணக்கில் அந்தப் பெயர் வரவே இல்லை. ஃபிளாஸ்க், தெலுங்கு, விடிகாலை, பனி எல்லாம் நடந்துகொண்டிருந்தபோது அவள் எங்கேயோ வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்ப நீங்க எதுக்கு சார் வந்தீங்க?" என்றான் இளங்கோ, வாய் தவறி.

கேப்டன் அவனை விநோதமாகப் பார்த்தார். "சாமி கும்பிட" என்றார்.

அவர் போனபிறகு நானும் அவனும் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். எதிரே மலை, துடைத்துவைத்த மாதிரி. அவன் முழங்கையில் சிராய்ப்பு. நான் களிம்பு தடவினேன். முதலில் அவன்தான் சிரித்தான். பிறகு இருவரும் நிறுத்த முடியாமல் சிரித்தோம். என்ன சத்தம் என்று அப்பா மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார். சிறு வயதுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவனும் நானும் ஒரே பக்கம் இருந்தோம்.

இளங்கோ வேறொரு சரக்குக் கம்பெனிக்குப் போய்க் கேப்டன் ஆனான். நான் இதே கம்பெனியில், இன்னொரு பழைய விமானம் வந்தபோது ஆனேன். எனக்குக் கடைசிப் பரீட்சை வைத்தவரும் கேப்டன் ராவ்தான். எனக்குத் தெரியாத ஒன்றை அதில் கேட்டார். "தெரியல சார், கேட்டுச் சொல்றேன்" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

போன ஆவணியில் எனக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்து, அக்னியை வலம் வரும் நேரம். மாப்பிள்ளை என் கையைப் பிடித்தார். மண்டபத்தில் திடீரென்று சத்தம் அடங்கியது. ஐயருக்கு ஒன்றும் புரியவில்லை. முன்வரிசையில் இருந்து பெரியம்மா எழுந்து, "மாப்ள, கைய மட்டும் உட்டுடாதீங்க! அவ போற பக்கம் போயிடப்போறீங்க!" என்று குரல் கொடுத்தார். இளங்கோ மேடையின் முன்னால் வந்து நின்று, விமானத்தை நிறுத்துமிடத்துக்கு வழிகாட்டுவார்களே அதுபோல, இரண்டு கைகளையும் தூக்கி, இப்படி வா, இப்படி வா என்று எனக்குப் பக்கம் காட்டினான். மண்டபமே சிரித்தது. கேப்டன் ராவ் எழுந்து நின்றே கைதட்டினார்.

வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் அப்பா அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுகிறார். நான் மூன்று சுற்றும் சரியாகத்தான் சுற்றுகிறேன். அதை மட்டும் ஒருவரும் பார்ப்பதில்லை.